முத்துவின் பெயரில் ஒரு பாதை

யூன் மாதத்தில் ஒருநாள் காலை, பருத்தித்துறையில், முத்து கொண்டுவந்து கொடுத்த சின்னப் பறவை, பறவையியலாளர் எட்கர் லேயார்டுக்குப் புதிது. 1854இல் அதை உலகுக்கு அறிவித்தபோது ‘முத்துயி’ என்று பெயர் வைத்தார். வடகிழக்கு இந்தியாவிலும் தென்சீனாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு மாரிக்கு இலங்கை வரும் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் அது. முத்து லேயார்டின் பணியாள். தன்னிடமிருந்த நல்ல பறவைகள் பலவும் அவருடைய பொறுமையாலும் வேட்டைத் திறமையாலும் கிடைத்தவை என்று லேயார்டே எழுதிவைத்தார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

எங்கள் அம்மப்பாவும் முத்துவின் வகைதான். கல்லாற்றுக் காட்டில் தேன் எடுப்பவர். பாலை பழுக்கும் நாட்களில் எங்களையும் கூட்டிப்போவார். பழம் தின்று உதடெல்லாம் பிசினாய் ஒட்டும். “சத்தம் போடாதை. ஆக்காட்டி கத்துது, அங்காலை ஏதோ நடமாடுது” என்று கையை நீட்டி மறிப்பார். பாலைப் பழத்துக்குக் கரடியும் வரும். எந்த மரத்தடிக்கு வரும், எந்தப் பட்ட மரத்தில் மரங்கொத்தி பொந்து வைத்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எழுதிவைக்கத்தான் பக்கத்தில் ஒரு லேயார்ட் இல்லை.

பிறகு போர் வந்தது, காட்டுக்குள் கண்ணிவெடி வந்தது. தடங்கள் மூடிப்போயின.

1938இல் சரணாலயமான எங்கள் பக்கத்துச் சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவானது. போருக்கு முன்னர் தடம் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள், பறவை பார்க்கவென்று எவரும் வரவில்லை. இன்று பூநாரை பார்க்கக் கொழும்பிலிருந்து வாகனம் பிடித்து வருகிறார்கள். வழிகாட்டியிருக்க வேண்டியவர்களில் பலர் 2009இல் போரின் முடிவில் மண்ணோடு போனார்கள். மிஞ்சியவர்களில் பலர் கடல் கடந்துவிட்டார்கள். எனக்கு ஆறாத விஷயம் இது.

லேயார்டின் நினைவாக வடக்கில் ஒரு மரபுப் பாதை அமைப்பதென்றால், அது முத்துவின் பெயரிலேயே அமையவேண்டும். பருத்தித்துறையில் தொடங்கி, மருதங்கேணி, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு வழியாகச் சுண்டிக்குளம் வரை கரையோரமாய் வரட்டும். பெயர்ப்பலகைக்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. கண்டாவளையிலும் தருமபுரத்திலும் இன்னும் இருக்கிற பழைய தேன்காரர், மீன்பிடிகாரர், மாடு மேய்த்தவர்களிடம் போய், பறவைகளுக்கும் மரங்களுக்கும் அவர்கள் சொல்லும் பெயர்களைக் கேட்டுப் பதியவேண்டும். வழிகாட்டிகளாய் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கே சம்பளம் கொடுக்கவேண்டும். சொல்லித் தந்தவரின் பெயர் லேயார்ட் எழுதியதுபோலவே பதிவில் இருக்கட்டும். அந்தப் பழையவர்களுக்கு வயது எண்பதைத் தொடுகிறது. இந்த மாரிக்கு முன்னமே தொடங்கலாம்.