ஆடியில் ஒரு கடை விரதம்

விரதம் இருப்பதில் நம்மை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "இன்னிக்கு எனக்கு ஒருபொழுது. சாதம் தொடமாட்டேன், வெறும் பலகாரம்தான்" என்பார் பெரியவர். பலகாரம் என்றால் நெய் மணக்க ஒரு தட்டு ரவா உப்புமா, நாலு கோதுமை அடை, தொட்டுக்கொள்ளக் கொத்சு, முடிவில் இரண்டு வாழைப்பழம், ஓர் ஏப்பம். அரிசியைத் தொடவில்லை; ஆகவே விரதத்துக்குப் பங்கமில்லை. இந்தப் பரம்பரையில் வந்த ஒரு குடும்பம், "ஆடி ஒன்றாம் தேதி முதல் ஆவணி முடிய அநாவசியமாக எதையும் வாங்குவதில்லை" என்று சங்கல்பம் செய்துகொண்டால் என்ன ஆகுமோ, அதுதான் எங்கள் வீட்டில் ஆயிற்று.

அதற்கு ஆடியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நியாயம் இருந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது. புதுப்பெண்ணைக்கூட அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள், ஆடியில் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவமாகும் என்று. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் ஜவுளிக்கடைக்காரர்கள் உட்கார்ந்து ஈ ஓட்டினார்கள். ஓட்டிய ஈ போதும் என்று யாரோ ஒரு புண்ணியவான் தள்ளுபடி போர்டை மாட்டினார். அன்றிலிருந்து தலைகீழ். ஆடிக் காற்றில் அம்மி பறந்த காலம் போய் இப்போது பறப்பது பர்ஸ். எதிரியை அவன் கோட்டையிலேயே சந்திப்பதுதானே வீரம்?

கோட்டை எங்களுக்குக் கூப்பிடு தூரம். நாங்கள் இருப்பது மேற்கு மாம்பலம். தண்டவாளத்தைத் தாண்டினால் ரங்கநாதன் தெரு. அதற்குள் நுழைந்தவர் வெறுங்கையோடு உஸ்மான் ரோட்டில் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. குறைந்தபட்சம் ஒரு டஜன் கர்ச்சீப்பாவது கையில் திணிக்கப்பட்டிருக்கும். 2023-இல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை ஒன்றைத் திறந்தார்கள். நெரிசலைக் குறைப்பதற்காகக் கட்டினார்களாம். என்னைக் கேட்டால் அது விரதக்காரர்களுக்கென்றே கட்டியது. கடை வாசலை மிதிக்காமல் பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

பால் கணக்கு டைரியின் கடைசிப் பக்கத்தில் சட்டம் எழுதினோம். மளிகை, காய்கறி, மருந்து, ஸ்கூல் ஃபீஸ், பெட்ரோல் உண்டு. ரிப்பேர் செலவு உண்டு. துணிமணி, பாத்திரம், செருப்பு, எலக்ட்ரானிக் சாமான், ஷோகேஸ் சாமான் கிடையாது. சந்தேகம் வந்தால் தீர்ப்பு என் அம்மா சொல்வது. எண்பதை நெருங்குகிறவருக்கு ஆசாபாசங்கள் அடங்கியிருக்கும் என்று அவரை நீதிபதி ஆக்கினோம்.

முதல் வழக்கு "துணிக்குப் பாத்திரேய்!" என்று கூவிக்கொண்டே தெருவில் வந்தது. என் மனைவி பழைய துணி மூட்டையோடு வாசலுக்குப் போனாள். பாத்திரக்காரர் ஒவ்வொரு சட்டையாக வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை பார்த்தார். காலரை மடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "காலரெல்லாம் போயிருக்கும்மா. இதுக்கு ஒரு டபரா செட்டு தரலாம். இட்லிப் பானைதான் வேணும்னா இன்னும் ரெண்டு பேன்ட் போடுங்க." மனைவியின் பார்வை கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் பேன்ட்டுகள் மேல் போயிற்று. நான் சட்டத்தைச் சுட்டிக்காட்டினேன்: பாத்திரம் கிடையாது. அம்மா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "காசு கைமாறலையேடா. வாங்கினதா ஆகாது." அப்படியானால் ஆபீசுக்கு நான் எதைப் போட்டுக்கொண்டு போவது, புது பேன்ட் எடுக்கலாமா என்று ஒரு மறுசீராய்வு மனு போட்டேன். "மிச்சம் ரெண்டு இருக்கில்ல? ஒண்ணு துவைச்சா ஒண்ணு." தள்ளுபடி. அந்த ஆடியில் எனக்குக் கிடைத்த ஒரே தள்ளுபடி அதுதான்.

அடுத்தது நகைச் சீட்டு. அதைக் கட்டலாமா என்ற கேள்வியே எழவில்லை. தங்கம் வாங்குவதைச் செலவென்று எண்ணுகிற பெண்மணி தமிழ்நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. பையன் தன் பங்குக்கு, செல்போனில் ஹெட்போனும் ஷூவுமாகக் கூடையில் போட்டு வைத்தான். ஆர்டர் போட்டால்தானே வாங்கினதாகும், கூடையில் வைப்பது ஆசைப்படுவது மட்டும்தானே என்று வாதாடினான். எல்லாவற்றின் விலையும் 999, 1,499 என்று செருப்புக்கடைக் கணக்கில் முடிந்ததால், ஒவ்வொரு பொருளிலும் ஒரு ரூபாய் மிச்சம் பிடித்திருப்பதாகவும் சொன்னான். நான் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு கட்டு கொண்டுவந்தேன். "புத்தகம் சாமான் இல்லை, சரஸ்வதி" என்றார் அம்மா. "ஆமாம் அத்தை, சரஸ்வதி பூஜைக்கு அடுக்கி வைக்க மட்டும்தான் உதவுது" என்றாள் மனைவி. ஆக, எங்கள் வீட்டில் அநாவசியமென்று ஒன்று உண்டு. அது எப்போதும் அடுத்தவர் வாங்குவது.

வெளிநாட்டிலும் இந்த விரதம் உண்டு. கனடாவில் 1992-இல் 'ஒன்றும் வாங்காத நாள்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். வருடத்துக்கு ஒரு நாள். மாதச் சம்பளக்காரர்கள் அதை மாதக் கடைசியில் ஒரு வாரமாகவே அனுஷ்டிக்கிறோம், பேர்தான் வைக்கவில்லை.

வாங்குவதில் உள்ள ஆபத்தைப் பிரெஞ்சுக்காரர் தீதரோ 1769-இலேயே எழுதிவிட்டார். அவருக்கு அழகான சிவப்பு அங்கி ஒன்று வந்தது. அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வைக்கோல் நாற்காலி அசிங்கமாகத் தெரிந்தது. தோல் நாற்காலி வந்தது. நாற்காலி வந்ததும் மேசை இளைத்தது, சுவர் வெளுத்தது. பழைய அங்கியைத் தூக்கிப் போட்டோமே என்று புலம்பித் தீர்த்தார். தத்துவமேதைக்கு நம்மூர் சந்நியாசி கதையை யாரும் சொல்லவில்லை போலும். கோவணத்தை எலி கடித்தது என்று பூனை வளர்த்தார். பூனைக்குப் பால் வேண்டுமென்று பசு வாங்கினார். பசுவுக்குப் புல் வேண்டும், நிலம் வேண்டும், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு பெண்டாட்டி வேண்டும் என்று போய் முடிந்தது. ராமகிருஷ்ண பரமஹம்சர் இதைச் சொல்லிச் சிரிப்பாராம். கோவணத்திலிருந்தே இவ்வளவு தூரம் போகலாம் என்றால், பட்டுப் புடவையிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம்!

ஆனால் நாளாக ஆக எனக்கு ஒன்று தெரிந்தது. மனைவி ஏங்கியது புடவைக்காக அல்ல. பீரோ கதவை முழங்காலால் முட்டுக் கொடுத்துத்தான் சாத்த வேண்டியிருக்கிறது. புடவைக்கு என்ன குறை? அவள் ஏங்கியது கடைக்கு. ஜவுளிக்கடையில் நுழையும்போதே "வாங்கம்மா, உட்காருங்க" என்று ஒரு குரல். ஒரு சொடக்கில் புடவை விரிகிறது, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் மற்றொன்று. மீசை வைத்த ஆண்பிள்ளை, முந்தானையைத் தன் தோளில் போட்டு நெளிந்து நின்று காட்டுகிறார். முப்பது புடவையைக் கலைத்துவிட்டு "கலர் கொஞ்சம் டல்லா இருக்கே" என்றாலும் முகம் சுளிக்காமல் "மேல இருந்து புதுசு இறக்கறேம்மா" என்கிறார். வீட்டில் இரண்டாவது முறை தோசை கேட்டாலே முகம் சுளிக்கிற உலகத்தில் இது லேசான சமாசாரமா? என்னையும் விட்டுவைப்பதில்லை. "சார், உங்க செலக்ஷன் என்ன?" என்பார். கல்யாணமானதிலிருந்து என் அபிப்பிராயத்தைக் கேட்ட ஒரே மனிதர் அவர். கடையில் நாம் பில் போடுவது துணிக்கு, கொண்டுவருவது மரியாதையை. பொருளை விட்டுவிடலாம், மரியாதையை எப்படி விடுவது?

சரி, அதை வீட்டிலேயே தயார் செய்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்தேன். பட்டுப் புடவையை அவ்வப்போது மடிப்பு மாற்றி வைக்காவிட்டால் மடித்த இடத்தில் இற்றுப்போகும். அந்த வேலையும் பாக்கி இருந்தது. கூடத்தில் ஜமக்காளத்தை விரித்தேன். "வாங்கம்மா, உட்காருங்க. பட்டா, ஃபேன்ஸியா?" என்றேன். மனைவி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பட்டே காட்டுங்க. ரொம்ப ஜிகுஜிகுன்னு வேணாம்."

ஒவ்வொன்றாக விரித்தேன். கத்தரிப்பூக் கலரை என் தோளில் போட்டுக்கொண்டு நெளிந்தேன். "பார்டர் பெரிசா இருக்கே" என்றாள், தானே எடுத்த புடவையைப் பார்த்து. "சாருக்குக் காபி வரலையே" என்று அம்மா வேறு. கடைசியில் அடியில் கிடந்த மாம்பழ மஞ்சள் புடவை வந்தது. எங்கள் நிச்சயதார்த்தப் புடவை. பழைய மடிப்பில் ஜரிகை லேசாகக் கறுத்திருந்தது. நாப்தலின் உருண்டை வாசனை. அவள் அதை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "இதை எடுத்துக்கறேன்" என்றாள்.

பில் போடாமல் ஒரு வியாபாரம் முடிந்தது என்று நான் பெருமூச்சு விடுவதற்குள், "இதுக்கு பிளவுஸ்?" என்றாள்.

பிளவுஸ் இருந்தது, ஆனால் அது நிச்சயதார்த்தத்தின்போது இருந்த பெண்ணுக்குத் தைத்தது. ஓரத்தில் மடித்து விட்டிருந்த துணியையெல்லாம் எப்போதோ பிரித்து விட்டாயிற்று. இனி விட ஒரு நூல்கூட இல்லை. வழக்கு நீதிபதியிடம் போனது. துணி கிடையாது என்று டைரியைக் காட்டினேன். அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசிப் பக்கத்தை நிதானமாகப் படித்தார்.

"புடவை இருக்கு. அதுல ஒரு பாகம்தான் பழுது. இது துணி வாங்கறதில்லைடா, ரிப்பேர்."

மறுநாள் சாயங்காலம் மேட்சிங் சென்டரில் மாம்பழ மஞ்சளுக்கு ஜோடி தேடி, கடைப் பையன் ரோல் ரோலாகப் பிரித்துப் போட்டான். "லைனிங், ஹூக், ஃபால்ஸ் எல்லாம் எடுத்துக்கறீங்களாக்கா?" என்றான். ரிப்பேர் என்றால் உதிரிபாகம் இல்லாமல் முடியுமா? எல்லாம் எடுத்தாயிற்று. நான் பர்ஸைத் திறக்கும்போது, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மா அவனைக் கிட்டே கூப்பிட்டார்.

"தம்பி, அப்படியே எனக்கும் ரெண்டு காட்டுப்பா. என் புடவையும் ரிப்பேர்லதான் இருக்கு."