கிழக்கே சூலம்

தினமும் காலையில் என் வாட்ஸ்அப்பில் ஒரு தாமரை பூக்கும். அதற்குக் கீழே, உன் பாதையை நீயே தேர்ந்தெடு, இந்த நாளை முழுசாக வாழ் என்று ஒரு கட்டளை. அனுப்புகிற நண்பர் பணி ஓய்வு பெற்றவர். அவருக்கென்ன, கட்டளை போடுவார். சரி, வாழ்ந்துதான் பார்ப்போமே என்று எழுந்து வந்தால், கூடத்துச் சுவரில் தினசரி காலண்டர். தாள் கிழிக்கும் உரிமை எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மட்டும்தான்.

"இன்னிக்குத் திங்கக்கிழமை. ஏழரைலேருந்து ஒம்பது ராகு காலம். பத்தரைலேருந்து பன்னெண்டு எமகண்டம். ஒண்ணரைலேருந்து மூணு குளிகை."

பகல் 12 மணி நேரத்தை 8 பங்காக்கி, அதில் மூன்று பங்கு இப்படிப் போய்விடுகிறது. முழுசாக வாழ எனக்கு மிச்சம் ஏழரை மணி நேரம். 'ஏழரை' என்று சத்தமாகச் சொல்லிவிட்டால், அம்மா எள் விளக்குப் போடக் கிளம்பிவிடுவாள்.

குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்குமாம். ஆகவே நகை வாங்கலாம், கடனை அடைக்கலாம், கடன் வாங்கத்தான் கூடாது. என் மைத்துனர் முதன்முதலாக எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தது எந்த நேரம் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. எனக்குச் சந்தேகமே கிடையாது.

நாளின் கதி இது. பாதையின் கதி இன்னும் மோசம். திங்கள், சனி கிழக்கே சூலம். செவ்வாய், புதன் வடக்கே. வியாழன் தெற்கே. வெள்ளி, ஞாயிறு மேற்கே. பாதையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் நண்பர் கிழமையைச் சொல்வதில்லை. என் ஆபீஸ் கிழக்கே இருக்கிறது. ஆனால் நம் முன்னோர்கள் கெட்டிக்காரர்கள். எங்கே சுவர் எழுப்பினாலும் பக்கத்தில் ஒரு சந்து விட்டுத்தான் எழுப்பியிருக்கிறார்கள். அந்தச் சந்துக்குப் பரிகாரம் என்று பெயர். ஒரு வாய் தயிர் சாப்பிட்டுவிட்டுத் தாராளமாகக் கிழக்கே போகலாம். வடக்குக்குப் பால், மேற்குக்கு வெல்லம், தெற்குக்குத் தைலம். புல்லாங்குழல் கற்றுக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுடா, புதன்கிழமை ஆரம்பி" என்றாள். வாத்தியார் வீடு வடக்கே. ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டுப் போய் ஊதினேன். வந்த சத்தம் குழலிலிருந்து வரவில்லை.

இந்தக் காலண்டர்கள் பெரும்பாலும் சிவகாசியிலிருந்து வருகின்றன. அங்கே ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருடத்து ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிட்டுவிடுவார்கள். ஜனவரி 1 அன்று நான் ஏதாவது தீர்மானம் எடுப்பதற்கு ஐந்து மாதம் முன்பே என் வருடம் விற்பனைக்கு வந்தாகிவிட்டது.

ராசிக்கு ஒரு சொல் வீதம் பலனும் உண்டு. எனக்கும் என் மனைவிக்கும் ஒரே ராசி. ஜவுளிக்கடைக்குப் போன அன்று எங்கள் ராசிக்கு 'மகிழ்ச்சி' என்று போட்டிருந்தது. பாதி பலித்தது. ஒரே ராசி என்பதால் சந்திராஷ்டமமும் இருவருக்கும் ஒன்றாகவே வரும். மாதத்தில் அந்த இரண்டேகால் நாளும் வாயைத் திறக்காமல் இருக்கவேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. எங்கள் இல்லறம் இத்தனை வருடம் நிலைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இத்தனை கட்டுக்காவலுக்குள் அம்மா எப்படி வாழ்கிறாள் என்றுதானே கேட்கிறீர்கள்? போன மாதம் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வேன் பிடித்தார்கள். சனிக்கிழமை, காலை ஒன்பதேகாலுக்கு. ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம். போதாக்குறைக்குக் கிழக்கே சூலம். அம்மா வருவதாக முதல் ஆளாகப் பணம் கட்டியிருந்தாள்.

அன்று தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, எட்டு மணிக்குத் தன் பையைக் கொண்டுபோய் எதிர்வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தாள். ஒன்பதேகாலுக்கு வேன் ஹாரன் அடித்தது.

"அம்மா, ராகு காலம்."

"நான் எட்டு மணிக்கே நல்ல நேரத்துல புறப்பட்டாச்சுடா. பை அங்க இருக்கு பாரு."

"அப்ப இப்ப எங்க போற?"

"பையை எடுக்கப் போறேன்" என்று செருப்பை மாட்டினாள்.

ராமேஸ்வரம், தேவிபட்டினம், உத்தரகோசமங்கை எல்லாம் பார்த்துவிட்டு, பையை எடுக்கப் போனவள் செவ்வாய்க்கிழமைதான் வீடு திரும்பினாள்.