சரித்திர மாமா

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வீட்டு மணி அடித்தால் வந்திருப்பவர் மூவரில் ஒருவராகத்தான் இருப்பார். பால் பாக்கி வாங்க வந்தவர், ஊரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்த உறவினர், இல்லையென்றால் சரித்திர மாமா. முதல் இருவரையும் காப்பி கொடுத்து உட்காரவைத்துவிடலாம். மூன்றாமவர் உட்கார மாட்டார். "மருமகன் ரெடியா? பாப்பா எந்திரிச்சிருச்சா?" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்பார். தலையில் தொப்பி, தோளில் ஜோல்னாப்பை, கையில் குடை. மதுரையில் மழையை நம்பிக் குடை எடுக்கிறவர் யாரும் கிடையாது. அது கோபுரத்தைச் சுட்டிக்காட்ட.

மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு மாமாவைத் தெரிந்திருக்கும். அவர் தொல்லியல் துறையில் வேலை பார்த்தவராக இருக்கவே மாட்டார். வங்கி, மின்சார வாரியம், எல்ஐசி, அதிகம் போனால் கல்லூரியில் கணக்கு வாத்தியார். கடைசிப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த மறு மாதம் நாயக்கர் காலம் அவரைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு பாண்டியர்களுக்குப் போய்விடுவார். வீட்டில் மனைவி காதுகொடுப்பதை நிறுத்தியதும் தெருப் பிள்ளைகளைத் திரட்ட ஆரம்பிப்பார்.

பெற்றோர்கள் மறுப்பே சொல்வதில்லை. நம் மக்களுக்குப் பாரம்பரியத்தின் மேல் இத்தனை பற்றா என்று மாமாவுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பிள்ளைகளை அனுப்பிவிட்டு எல்லோரும் மறுபடி போர்வைக்குள் போய்விடுவது அவருக்குத் தெரியாது.

மாமாவின் சரித்திரத்துக்கு இரண்டு விதிகள் உண்டு. எதுவாக இருந்தாலும் நாம் நினைப்பதைவிடப் பழையது. எதுவாக இருந்தாலும் ஆசியாவிலேயே பெரியது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் விளக்குத்தூணிலிருந்து தெப்பக்குளம்வரை மூச்சுவிடாமல் நடத்திவிடுவார். அவரை நிறுத்தக்கூடியது பிள்ளைகளின் கேள்வி ஒன்றுதான்.

முதல் பாடம் எப்போதும் வீதிகள். கோயிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கடுத்து மாசி வீதி. ஒன்றைச் சுற்றி ஒன்றாகப் போட்ட ஊர் இது என்று குடை நுனியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டுவார். பிள்ளைகள் குனிந்து பார்ப்பார்கள். ஒரு பொடியன் விரல்விட்டு எண்ணுவான்.

"வைகாசி எங்கிட்டு மாமா?"

"வைகாசிக்கு வீதி இல்லடா."

"ஏன் இல்ல?"

இங்கேதான் மாமா முதல் மிடறு தண்ணீர் குடிப்பார். குடித்துவிட்டு, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வார். சித்திரைத் தேர் சித்திரை வீதியில் ஓடாது, மாசி வீதியில்தான் ஓடும். மாசியில் நடந்த விழாவை அழகர் திருவிழாவோடு சேர்ப்பதற்காகத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். மாதம் மாறிற்று, தேர் ஓடும் வீதி மாறவில்லை. நல்ல தகவல்தான். பொடியன் வைகாசியை விடவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரியும்.

விளக்குத்தூணில் நிலைமை இன்னும் மோசம். 1840களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் இந்த ஊரின் கோட்டையை இடித்தார், அகழியைத் தூர்த்தார். நெருக்கியடித்துக் கிடந்த ஊர் அதன் பிறகுதான் மூச்சுவிட்டது. கோட்டைச் சுவர் நின்ற இடத்தில் வெளி வீதிகள் வந்தன. வேலையை முன்னின்று நடத்தியவர்கள் பெயரில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தன. அந்தக் கலெக்டருக்கு நன்றியாக ஊர் மக்கள் நட்டதுதான் இந்தத் தூண். மாமா இதையெல்லாம் ஆட்டோ ஹாரனுக்கு மேலே குரல் எழுப்பிச் சொல்லி முடிப்பார். அரை மணி நேரத்துக்கு முன்புதான் பெரியார் பஸ் நிலையம் பக்கத்தில் எஞ்சி நிற்கும் கோட்டைத் துண்டைக் காட்டி, "இதப் பாதுகாக்காம விட்டுட்டானுகளே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார்.

"கோட்டைய இடிச்சவருக்கு எதுக்கு மாமா வெளக்கு?"

இரண்டாவது மிடறு.

பெரியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ஐம்பது வருஷமாக விளக்குத்தூண் ஸ்டாப்பில் இறங்கி ஜவுளி எடுத்துப்போகிறவர்களில் எத்தனை பேர் அந்தத் தூணை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்? மதுரையில் வளர்ந்த நமக்கு இந்த ஊர் கடை போர்டு உயரம்வரைதான் தெரியும். அதற்கு மேலே இருப்பதைப் பார்க்கச் சொல்கிற ஆள் இந்த மாமா ஒருவர்தான். அவர் சொல்லும் ஆண்டில் பத்து இருபது கூடலாம், குறையலாம். கழுத்தை நிமிர்த்தவைக்கிறாரே, அதற்காக அவரை நான் மன்னித்துவிடுவேன். பத்துத்தூண் சந்தில் சேலைக் கடைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் நடுவே நாயக்கர் அரண்மனையின் மிச்சம் வரிசையாக நிற்கிறது. அந்தத் தூண்களுக்கு நடுவே பேரம் பேசி நைட்டி வாங்கிய குடும்பங்கள் ஏராளம். மாமா அங்கே போனதும் யானை கட்டின தூண் என்று ஆரம்பித்துவிடுவார். அரண்மனைக்குள் யானையை எதற்குக் கட்டினார்கள் என்று கேட்கும் வயது பிள்ளைகளுக்கு வரட்டும், விடுங்கள்.

திருமலை நாயக்கர் மஹால் மாமாவின் சொந்த மேடை. 1636இல் கட்டியது. இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்குதான் என்பார்கள். மீதி எங்கே போனது என்பதை மாமா துப்பறியும் கதைபோலச் சொல்வார். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்குக் கொண்டுபோனார். போகும்போது தாத்தா கட்டிய அரண்மனையைப் பிரித்துச் சாமானையும் எடுத்துப் போனார். பின்னால் நேப்பியர் பிரபு சென்னை மாகாண கவர்னராக இருந்தபோதுதான் மிச்சத்தைப் பழுதுபார்த்தார்கள்.

"பேரனே தாத்தா வீட்ட இடிச்சாரா?" என்று ஒரு பெண் குழந்தை வாயைப் பொத்திக்கொண்டது. மாமா பதில் சொல்லவில்லை. மேல அனுமந்தராயன் கோயில் தெருவில் அவருடைய அப்பா கட்டிய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்று பெங்களூரில் இருக்கும் அவர் மகன் வாரம் தவறாமல் போன் செய்கிறான் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

பேச்சை மாற்ற அவர் தூண்களுக்குப் போனார். மூன்று பிள்ளைகளைக் கைகோத்து ஒரு தூணைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார். எட்டவில்லை. நான்காவது ஆளைச் சேர்த்தார்கள், கை சேர்ந்தது, ஒரே கூச்சல். காவலாளி எட்டிப்பார்த்தார். தூணின் மேலே பூசியிருப்பது சுண்ணாம்பு. அந்த வழுவழுப்புக்கு அதில் முட்டை வெள்ளைக்கரு கலந்திருக்கிறது என்று மாமா தடவிக் காட்டினார். எல்லோரும் தடவினார்கள்.

"அப்ப மஞ்சக்கருவ என்ன செஞ்சாங்க மாமா?"

நாயக்கர் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் யாராவது இதற்கு விடை கண்டிருந்தால் எங்கள் தெருவுக்கு எழுதிப்போட வேண்டும். மாமா அன்று மூன்றாவது மிடறோடு பாட்டிலைக் காலி செய்துவிட்டார்.

அதோடு போகவில்லை. இரண்டு தூண் தள்ளி ஒருவன் கூப்பிட்டான்: "மாமா, கல்வெட்டு!" மாமா பூதக்கண்ணாடியோடு ஓடினார். சுண்ணாம்பில் ஆணியால் கீறிய இதயம், நடுவே அம்பு, இரு பக்கமும் பெயர்கள். பையன் மாமா சொல்லிக்கொடுத்த முறைப்படியே நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது எந்த நூற்றாண்டு?" என்றான். அப்போது வந்ததே கோபம்! அன்னியப் படையெடுப்பு ஒன்றுக்கும் மாமா இந்த அளவு கொதித்ததில்லை. பொதுச்சொத்தில் பெயர் கீறுகிறவன் உருப்பட மாட்டான் என்பதில் தொடங்கி, அவனைப் பெற்றவர்கள், படிக்கவைத்த பள்ளிக்கூடம், காதலை வளர்க்கும் சினிமா என்று யாரையும் விடவில்லை. சினிமா என்றதும் ஒரு பெண், "'பம்பாய்' படத்துல 'கண்ணாளனே' பாட்டு இங்கதான எடுத்தாங்க?" என்றது. அதுவரை நானூறு வருஷ அரண்மனையைப் பார்த்துக் கொட்டாவி விட்ட கூட்டம் அப்போதுதான் உண்மையாகவே சுற்றிமுற்றிப் பார்த்தது.

கோயிலுக்குள் மாமா வேறு ஆள். அங்கே கைப்பேசி கொண்டுபோக முடியாது. சொன்ன கணக்கைச் சரிபார்க்க வழியில்லை. பேச்சு சற்று அடங்கும். அதனாலேயே அங்கு நடப்பதுதான் உருப்படியாக நடக்கும். "ஆயிரங்கால் மண்டபம்னு பேரு. ஆயிரம் இருக்கான்னு எண்ணிட்டு வாங்கடா" என்று பிள்ளைகளை அவிழ்த்துவிட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வார். ஒருவன் கிழக்கிலிருந்து எண்ணுவான், ஒருத்தி மேற்கிலிருந்து. நடுவில் மோதி, கணக்கு மறந்து, சண்டை போட்டு, மறுபடி முதலிலிருந்து. யாருக்கும் ஆயிரம் வராது. வராதுதான், உள்ளே 985 தூண்கள். பெரியவர்கள் போட்ட பெயரில் பதினைந்து குறைகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும்போது வருகிற குதூகலம் இருக்கிறதே, அதற்கு மாமாவின் சொற்பொழிவு பத்து ஈடாகாது. முக்குறுணிப் பிள்ளையாருக்கு ஒரே கொழுக்கட்டையாகப் பதினெட்டுப் படி அரிசியில் செய்வார்கள் என்று சொன்னால் போதும், வீடு வரும்வரை வகுத்தல் கணக்குத்தான். ஆளுக்கு எவ்வளவு வரும்?

மாமாவின் மனைவி இந்தப் படையெடுப்புக்கெல்லாம் வருவதில்லை. ஆனால் புது மண்டபத்தைப் பற்றிக் கேட்டால் அத்தைதான் சரி. மாமாவுக்கு அது திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம். அத்தைக்கு அது தையல்காரர்கள் வரிசையாக மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த இடம். எந்தத் தூணடியில் பள்ளிக்கூடச் சட்டை தைத்தாள், எந்த மூலையில் பழைய புத்தகம் கிடைக்கும், எங்கே குங்குமச் சிமிழ் வாங்குவது என்று மண்டபமே அவள் மனப்பாடம். கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது, "இப்பத்தான் மண்டபம் மண்டபமாச்சு" என்று மாமா சந்தோஷப்பட்டார். "தீவாளிக்கு அவசரத்துக்கு ஜாக்கெட் எங்க தைக்கிறதாம்?" என்று அத்தை கேட்டாள். இரண்டும் சரித்திரம்தான். அத்தையின் சரித்திரத்தில் ஆண்டுக் குழப்பம் கிடையாது.

மாமாவும் அப்படி நம்பும்படி பேசுகிற இடம் ஒன்று உண்டு. தங்கம் தியேட்டர் இருந்த இடம். 1952இல் 'பராசக்தி'யோடு திறந்த கொட்டகை. இப்போது அங்கே ஜவுளிக் கடை. 'ஆசியாவிலேயே பெரிய' என்று தொடங்குவார். ஆனால் அடுத்த வரியிலேயே அதை மறந்துவிட்டு, திரை எவ்வளவு தூரத்தில் தெரியும், இடைவேளையில் முறுக்கு விற்பவர் எந்த வாசலால் வருவார், அப்பாவுக்குத் தெரியாமல் பார்த்த படத்துக்கு அப்பாவும் வந்து இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த கதை என்று இறங்கிவிடுவார். பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள். ஒரு கேள்வி வராது.

கீழடி வந்த பிறகு மாமாவைப் பிடிக்க முடியவில்லை. 2015இல் தோண்ட ஆரம்பித்த நாளிலிருந்து அவருக்கு வயது குறைந்துவிட்டது. அது சிவகங்கை மாவட்டம் என்று யாராவது சொன்னால், "மாவட்டம் நேத்து வந்தது" என்று ஒரே வெட்டு. 2023இல் அருங்காட்சியகம் திறந்ததும் வேன் பிடித்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார். மண் நிறத்தில், ஓட்டுக்கூரையும் தூண்களுமாக, செட்டிநாட்டு வீடுபோல இருந்த கட்டடத்தைப் பார்த்ததும், "யாரு வீட்டு விசேஷம் மாமா?" என்றது ஒன்று. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் பானை ஓடுகள். அவற்றில் தமிழி எழுத்தில் கீறல்கள்: ஆதன் என்று ஒன்று, குவிரன் ஆதன் என்று ஒன்று. சாதாரண வீட்டுச் சாமானில் சாதாரண மனிதர்கள் தங்கள் பெயரை எழுதியிருக்கிறார்கள், அந்தக் காலத்திலேயே எழுத்தறிவு வீட்டுக்கு வீடு இருந்திருக்கிறது என்று மாமா குரல் தழுதழுக்கச் சொன்னார்.

மஹாலில் கல்வெட்டு கண்டுபிடித்த அதே பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான்.

"தூணுல பேரக் கீறுனா உருப்பட மாட்டான்னீங்க. பானையில கீறுனவன கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க?"

மாமா பாட்டிலைத் தேடவில்லை. தேடாமலே சொன்னார்: "டேய் மருமகனே, அது அவன் சொந்தப் பானைடா!"

அவர் அத்தனை ஞாயிறும் சொன்னதில் ஆகச் சிறந்த வாக்கியம் இதுதான் என்பது என் கட்சி. ஆண்டு இல்லை, அரசன் இல்லை, ஆசியா இல்லை. சட்டமே அடங்கிவிட்டது.

உங்கள் தெரு மாமா வந்து கூப்பிட்டால் தயங்காமல் பிள்ளையை அனுப்புங்கள். இரண்டு இட்லி ஊட்டி அனுப்புங்கள். பாண்டியர் முடிந்து நாயக்கர் முடியாமல் அவர் ஓட்டல் பக்கம் திரும்ப மாட்டார். கையில் காசு கொடுங்கள்; ஜிகர்தண்டாவுக்கு அவர் வரலாறு மட்டும்தான் தருவார். திரும்பி வந்து பிள்ளை ஏதாவது ஆண்டைச் சொன்னால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். உயரம், நீளம், அகலம் சொன்னால் கட்டாயம் சரிபாருங்கள்.