அரை டிக்கெட் சென்சார்

மதுரை செல்லூரில் மேக்ரோ படம் எடுப்பவனுக்கு மாடல் பஞ்சமே கிடையாது. கண்மாயில் ஆகாயத்தாமரை இருக்கும்வரை கொசு இருக்கும். கொசு இருக்கும்வரை நம் இடது கையே ஸ்டூடியோ, அதுவே கேன்டீன். வாசல் சுவரில் தாவும் சிலந்தி, மாமரத்தில் முசுறு எறும்பு, மொட்டைமாடி எலுமிச்சைத் தொட்டியில் புழு என்று நடிகர் பட்டாளமே தயாராக நிற்கிறது. வால்பாறைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. குறை கேமரா ஒன்றுதான். அதை வாங்கலாம் என்று வாயைத் திறந்த அன்றே குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது: ஃபுல் ஃப்ரேம், கிராப் சென்சார்.

ஃபுல் ஃப்ரேம் கட்சிக்கு என் மச்சான்தான் எல்லாம். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா என்று மதுரையின் பாதி மண்டபங்களில் அவர் ஃபிளாஷ் அடித்திருக்கிறார். "மாப்ள, கிராப்பெல்லாம் சின்னப் புள்ளைக வெளையாடுறது. வாங்குனா ஃபுல் ஃப்ரேம். இல்லேன்னா செல்போனோட சும்மா இரு" என்றார். அவர் தொழிலுக்கு அது சரி. மங்கலான மண்டபத்தில் பெரிய சென்சார் கூடுதல் வெளிச்சம் வாங்கும், மணமகள் முகம் புள்ளி விழாமல் வரும். ஆனால் மண்டபத்தில் அவர் பார்த்த ஒரே எறும்பு ஜாங்கிரித் தட்டில் இருந்தது. அதையும் அவர் படம் எடுக்கவில்லை, ஊதித் தள்ளினார்.

கணக்கு இவ்வளவுதான். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். கிராப் என்றால் நிக்கானிலும் சோனியிலும் ஏறக்குறைய 23.5க்கு 15.6, கேனனில் அதைவிடக் கொஞ்சம் சின்னது. மேக்ரோ லென்ஸின் பெருமை ஒன்றுக்கு ஒன்று, உயிர் அளவு என்பது. அதாவது 8 மில்லிமீட்டர் எறும்பு சென்சாரிலும் 8 மில்லிமீட்டராகவே விழும். சென்சார் பெரிதா சிறிதா என்பது எறும்புக்கும் தெரியாது, லென்ஸுக்கும் தெரியாது. தட்டைப் பெரிசாக வைத்தால் இட்லி பெரிசாகிவிடாது. கிராப்பில் அந்த எறும்பு படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு கம்பீரமாக நிற்கும். ஃபுல் ஃப்ரேமில் கால் பங்குகூடத் தேறாது.

மச்சானிடம் இதைச் சொன்னேன். "அதுனால என்ன? எடுத்துட்டு வெட்டிக்க வேண்டியதுதானே" என்றார். வெட்டலாம். நிக்கான் டி850 என்ற ஃபுல் ஃப்ரேம் 45.7 மெகாபிக்சல். அதைக் கிராப் அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது சுமார் 19. அதே கம்பெனியின் கிராப் கேமரா டி500 முதலிலேயே 20.9 தருகிறது. "அப்போ காசைக் கொட்டி வாங்கி, வெட்டிப் போட்டு, வாங்காம விட்டதுக்குக் கீழ கொண்டாரணுமா மச்சான்?" என்றதும் அவருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. மணி அடித்த மாதிரி எனக்குக் கேட்கவில்லை.

அவர் அடுத்து எடுத்த ஆயுதம், பின்னணி மங்கல். ஃபுல் ஃப்ரேமில் பின்னணி வெண்ணெய் மாதிரி கரையுமாம். மணமகளுக்கு அது அழகு. எறும்புக்கோ அது ஆபத்து. லென்ஸ் துளையை எஃப் 11இல் வைத்து உயிர் அளவில் எடுத்தாலே கூர்மையாக விழுவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். கண் தெளிவாக இருந்தால் இடுப்பைக் காணோம். கிராப்பில் வரும் அதே நெருக்கத்தை ஃபுல் ஃப்ரேமில் கொண்டுவர ஒன்றரை மடங்கு பெருக்க வேண்டும், ஆழம் இன்னும் சுருங்கும். துளையை ஒரு ஸ்டாப் மூடிச் சரிக்கட்டலாம். உடனே வெளிச்சம் பாதியாகும். ஐஎஸ்ஓவை ஏற்றினால், கூடுதல் காசு கொடுத்து வாங்கிய சுத்தம் அங்கேயே கரைந்துபோகும். இஷ்டத்துக்கு மூடவும் முடியாது: லென்ஸில் 16 என்று வைத்தாலும் உயிர் அளவில் அது 32 மாதிரி நடந்துகொண்டு படத்தைச் சொதசொதவென்று ஆக்கிவிடும். ஒரு மில்லிமீட்டருக்குள் நிற்க மூச்சை அடக்க வேண்டும். அதை எங்கள் ஏரியாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ரவுண்டானாவிலேயே கபடிக்குச் சிலை வைத்த ஊர்.

டீக்கடையில் இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர், ஒரு காலத்தில் சிம்மக்கல் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்தவர். "ஃபுல் ஃப்ரேம்னா எவ்வளவு தம்பி?" என்றார். 36க்கு 24 என்றேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்க 120 ஃபிலிம்ல ஒரு படம் ஆறு செண்டிமீட்டர் சதுரம். அதுக்கு முன்னாடி ஒங்க ஃபுல் ஃப்ரேமே அரை டிக்கெட்டுதான்யா." மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெரியவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆஸ்கர் பார்னாக் என்ற ஜெர்மானியர் சினிமா ஃபிலிமைப் படுக்கப்போட்டு, இரண்டு கட்டத்தை ஒன்றாக்கி அமைத்த அளவு இது. 1925இல் லீப்சிக் சந்தையில் லைக்கா கேமராவாக வந்தபோது பெரிய கேமராக்காரர்களுக்கு அது வெறும் பொடிசு. அந்தப் பொடிசுக்கு ‘ஃபுல்’ பட்டம் கிடைத்தது டிஜிட்டலில் அதைவிடப் பொடிசு ஒன்று பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான்.

கடைசியில் பழைய கிராப் கேமரா ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தை மேக்ரோ லென்ஸுக்கும் ஃபிளாஷுக்கும் போட்டேன். மேக்ரோவில் வெளிச்சம்தான் முதலாளி, சென்சார் சம்பளக்காரன். (கேனன் 1999இல் ஐந்து மடங்கு பெருக்கும் எம்.பி.-இ 65 என்று ஒரு லென்ஸ் விட்டது. ஒரே ஒரு பாசுமதி அரிசி ஃபுல் ஃப்ரேமையே அடைத்துவிடும். அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு எடுக்கவில்லை.) ஃபிளாஷ் அடிக்கும்போது பூச்சியின் மறுபக்கம் இருண்டுபோகாமல் இருக்க எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தடுப்பு வேண்டும். தெர்மாகோல் அதற்குப் பிரமாதம். மற்ற ஊர்க்காரர்கள் கடையில் கேட்டு வாங்கிவிடலாம். செல்லூரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்திருக்கும் அன்றைய அமைச்சர் 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்டதிலிருந்து எங்களுக்கு அந்தச் சுதந்திரம் போயிற்று. "வீட்டுக்கா, அணைக்காண்ணே?" என்று கேட்காமல் கடைக்காரர் எடுத்துத் தருவதில்லை.

முதலில் உருப்படியாகக் கிடைத்தது முசுறு எறும்பு வேஷம் போடும் சிலந்தி. நிறம், இடுப்பு, நடை எல்லாம் அச்சு எறும்பு. முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டு திரியும். மச்சானிடம் காட்டினேன். "எறும்பு நல்லா விழுந்திருக்கு மாப்ள." காலை எண்ணச் சொன்னேன். எண்ணினார். எட்டு. மறுபடி எண்ணினார். அப்புறம் சொன்னார்: "ஃபுல் ஃப்ரேம்ல எடுத்திருந்தா மொதத் தடவையே எட்டுன்னு தெரிஞ்சிருக்கும்."

அவர் ஜெயிக்கும் இடமும் ஒன்று உண்டு, எலுமிச்சைப் புழு. முட்டையிலிருந்து வந்த புதிதில் சில மில்லிமீட்டர், பார்த்தால் பறவை எச்சம். அது கிராப்பின் பொற்காலம். இலையைத் தின்று தின்று, இரண்டு வாரம் போலக் கழிந்தால் பச்சைப் பசேலென்று நான்கு செண்டிமீட்டர் நீளத்துக்கு வந்துவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பை நீட்டி நாற்றம் அடிக்கும். அந்த உடம்பு என் சென்சாரில் உயிர் அளவில் அடங்காது, நான் பின்வாங்கிப் பின்வாங்கி மாடிச் சுவரில் முட்டுகிறேன். ஃபுல் ஃப்ரேம் இருந்தால் அவ்வளவு தள்ளிப் போக வேண்டாம், மேல்தோலின் புள்ளியெல்லாம் கூடுதலாகத் தெரியும். மானத்தை விட்டு மச்சானிடம் கேமராவை இரவல் கேட்டேன். இது வைகாசி, வரிசையாக முகூர்த்தம். "ஆடி பொறக்கட்டும் மாப்ள, மாசம் பூரா வச்சுக்க" என்கிறார். அதற்குள் இந்தப் புழு பட்டாம்பூச்சியாகி, அதன் பிள்ளைகள் என் எலுமிச்சையை மொட்டையடித்திருக்கும்.