கைநாட்டுப் பட்டதாரிகள்

எங்கள் அப்பத்தா கைநாட்டு. அதை அவளே கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்வாள். "நான் கைநாட்டுடா. என்னைய ஏமாத்தணும்னா நீ மூணு பேரை ஏமாத்தணும்" என்பாள்.

வீட்டு வரி ரசீதோ கூட்டுறவுச் சங்க நோட்டீஸோ, எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் என்னிடம் நீட்டுவாள். நான் படிப்பதைத் தலையாட்டிக் கேட்பாள். பிறகு டீக்கடைக்குப் போய், பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அதே காகிதத்தை நீட்டுவாள். நான் படித்துக் காட்டியதைப் பற்றி மூச்சுவிட மாட்டாள். கடைசியில் பள்ளிக்கூட வாத்தியார். மூன்று வாயிலும் ஒரே சேதி வந்தால்தான் மைப்பெட்டியில் விரல் படும். அதுவரை பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையை முந்தானைக்குள் ஒளித்து வைத்திருப்பாள். வட்டிக்காரர் ஒருமுறை வெற்றுப் புரோநோட்டை நீட்டி, "சும்மா வையி ஆத்தா, பெறகு எழுதிக்கலாம்" என்றார். "எழுதி எடுத்துட்டு வாய்யா, பெறகு வைக்கிறேன்" என்று அனுப்பிவிட்டாள்.

1991-இல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலம். கல்குவாரியில் ஜல்லி உடைத்த பெண்கள் சிலேட்டைப் பிடித்தார்கள். கையோடு சைக்கிளையும் பிடித்தார்கள். சம்பளம் வாங்காத தொண்டர்கள் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக வந்தார்கள். அப்பத்தாவும் நடுங்கும் கையால் பெயர் எழுதப் பழகினாள். கைநாட்டு வைத்த மையைத் தலைமுடியில் தேய்க்கும் வேலை அத்தோடு ஒழிந்தது. ஆனால் மூன்று பேரிடம் காட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை. "அதான் இப்ப உனக்கே படிக்கத் தெரியுமே அப்பத்தா" என்று கேட்டேன்.

"இப்ப நாலு பேருடா. நாலாவது ஆளு நானு" என்றாள்.

படிப்பு எதற்கு என்று கல்விக் கொள்கைகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. அப்பத்தா சொன்ன அளவுக்கு யாரும் சுருக்கமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

இனி, படித்தவர்கள் கதைக்கு வருவோம்.

போன வருடம் ஒரு பள்ளியில் கட்டுரைப் போட்டிக்கு நடுவராகப் போனேன். தலைப்பு 'எங்கள் ஊர்'. வீட்டிலிருந்து எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். முப்பத்திரண்டு கட்டுரைகள். அதில் பத்தொன்பதில் ஆறு ஓடியது. சலசலவென்று ஓடியது. கரையில் பச்சைப் பசேலென வயல், வயலுக்கு மேலே பறவைகள், பறவைகளுக்குக் கீழே வேற்றுமையில் ஒற்றுமை காணும் மக்கள்.

அந்த ஊரில் ஆறு கிடையாது. பக்கத்து ஊரிலும் கிடையாது. அங்கே தண்ணீர் ஓடுவது லாரியில்.

ஒரே ஒரு பெண் மட்டும் அந்த லாரியைப் பற்றி எழுதியிருந்தாள். செவ்வாய்க்கிழமை லாரி வரும். அம்மா குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னுவாள். ஹாரன் கேட்டதும் பாதிப் பின்னலோடு எழுந்து ஓடுவாள். அந்தப் பெண் அன்றைக்கு ஒரு பக்கம் பின்னலும் ஒரு பக்கம் விரித்த முடியுமாகப் பள்ளிக்கு வருவாள். அரைப் பக்கக் கட்டுரை, எட்டுப் பிழைகள். 'பள்ளி' என்ற சொல்லில் ஒரு புள்ளியைக் காணோம்.

அந்தக் கட்டுரைக்குத்தான் முதல் பரிசு என்றேன். மற்ற இரண்டு நடுவர்களும் ஆற்றின் பக்கம் சாய்ந்தார்கள். தமிழாசிரியை என்னைத் தனியே அழைத்துப் போனார். "பசங்க ஏஐல எடுத்ததுன்னு எங்களுக்கும் தெரியும் சார். ஆனா மொழிநடையைப் பாருங்க, ஒரு பிழை இருக்கா?"

"இந்த ஊர்ல ஆறே இல்லையேம்மா?"

"கட்டுரைதானே சார்."

வீடு வரும்வரை அந்த இரண்டு சொற்கள் காதில் ரீங்கரித்துக்கொண்டே இருந்தன. கட்டுரைதானே!

இதில் கருவியைத் திட்டிப் புண்ணியமில்லை. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் பார்த்துக் கோப்பது அதன் தொழில். உலகத்துக் கட்டுரைகளில் எல்லாம் ஊருக்குப் பக்கத்தில் ஆறு ஓடுகிறது, இங்கேயும் ஓடவிட்டது. அதற்கு நம் ஊரும் தெரியாது, ஆறும் தெரியாது, தாகமும் தெரியாது. பிள்ளைகளையும் குற்றம் சொல்ல முடியாது. தென்னை மரத்தைப் பற்றி நெட்டுருப் போட்டுக்கொண்டு போன பையன், தேர்வில் பசுவைப் பற்றிக் கேட்டதும், அந்தப் பசுவைத் தென்னை மரத்தில் கட்டினான் என்று நாம் காலங்காலமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். சிரித்துக்கொண்டே அவனுக்கு மதிப்பெண்ணும் போட்டோம். நோட்ஸில் இருப்பதை அச்சுப் பிசகாமல் எழுதினால் நூற்றுக்கு நூறு, சொந்தமாக ஒரு வரி எழுதினால் சிவப்பு மை. அப்படி வளர்த்த பள்ளிக்கூடத்துக்கு, உலகத்து நோட்ஸ் எல்லாம் படித்துவிட்டு ஒரு கருவி வந்து நின்றால் எப்படி இருக்கும்? இத்தனை நாள் எதிர்பார்த்திருந்த முதல் மாணவன் வந்துவிட்டான் என்றுதானே இருக்கும்! பழைய பையனாவது கை வலிக்க எழுதினான்.

பள்ளிப் பிள்ளைகளோடு போகிற விஷயமும் அல்ல இது. நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் 2023-இல் நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் அவர்கள் காட்டிய முன்தீர்ப்புகளில் ஆறு, எந்த நீதிமன்றமும் வழங்காதவை. சாட்ஜிபிடி வழங்கியவை. அவர்களில் ஒருவர் சந்தேகம் வந்து சரிபார்த்தும் இருக்கிறார். எப்படி? 'இது நிஜ வழக்குதானா' என்று அந்தச் சாட்ஜிபிடியிடமே கேட்டார். 'ஆமாம்' என்றது. திருடனையே கூப்பிட்டுச் சாட்சி கேட்டுவிட்டு, நிம்மதியாக மனுவைத் தாக்கல் செய்தார்கள். அபராதம் 5,000 டாலர். வழக்குதானே!

ஆஸ்திரேலியாவில் டெலாய்ட் என்ற ஆலோசனை நிறுவனம் அரசுக்கு ஓர் அறிக்கை தயாரித்துக் கொடுத்தது. கட்டணம் ஏறத்தாழ 4.4 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். இல்லாத ஆய்வுகளை அது மேற்கோள் காட்டியிருப்பதை ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் ஏஐ பயன்படுத்திய சேதி வெளியே வந்தது. 2025-இல் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். இத்தனை பெரிய நிறுவனத்தில் அச்சுக்குப் போகும் முன் அதை ஒருவர் முழுசாகப் படித்திருந்தால் போதும். அறிக்கைதானே!

இவர்கள் எல்லாரும் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். தாங்கள் படிக்காத காகிதத்தின் அடியில் அழகாகக் கையெழுத்துப் போட்டவர்கள். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் கைநாட்டு. இல்லை, கைநாட்டு என்று சொல்வது அப்பத்தாவுக்கு அவமானம். அவள் கேட்காமல் வைத்ததில்லை.

இந்த நிலையில்தான் ஒன்றிய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் ஒரு நற்செய்தி சொன்னது. 2026-27 கல்வியாண்டிலிருந்து மூன்றாம் வகுப்பு முதலே செயற்கை நுண்ணறிவுப் பாடம்! எட்டு வயதில் ஏஐ. பல் விழுந்து முளைக்கும் முன்னே உலகத்தரம்.

அந்த மூன்றாம் வகுப்பை எட்டிப் பார்ப்போம். கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் ஏசர் ஆய்வு இருக்கிறது. அதன் 2024 கணக்குப்படி நாடு முழுவதும் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் நூறு பிள்ளைகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 23 பேர் சொச்சம். ஐந்தாம் வகுப்பில் 45 பேர்கூட முழுசாகத் தேறவில்லை. அதே ஆய்வு 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடமும் கேட்டது. நூற்றுக்கு 82 பேருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிகிறது. கட்டைவிரல் தேர்ந்துவிட்டது, கண்தான் பாக்கி.

வகுப்பில் யார் இருக்கிறார்கள்? அரசே வெளியிட்ட 2024-25 கணக்கின்படி நாட்டில் ஓராசிரியர் பள்ளிகள் 1,04,125. அவற்றில் ஏறத்தாழ 33.76 லட்சம் பிள்ளைகள். ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு, ஐந்தும் ஒரே அறையில். காலையில் அவர் முதலில் செய்யும் வேலை பாடம் எடுப்பது அல்ல, செல்போனை உயரத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி மைதானத்தைச் சுற்றுவது. வருகைப் பதிவு ஏற வேண்டும், சத்துணவுக் கணக்கு ஏற வேண்டும், நேற்று ஏற்றியது ஏறவில்லை என்று வந்த தகவலுக்குப் பதில் ஏற வேண்டும். பிள்ளைகள்தான் ஏறவில்லை. அவருக்கு மருத்துவ விடுப்பு என்றால் அன்றைக்குப் பள்ளிக்கே விடுப்பு. இந்த மனிதர் இனி அல்காரிதமும் நடத்துவார்.

இரண்டாவது வாத்தியாரைப் போடக் காசு கேட்டால் நிதிநிலை இடம் கொடுக்காது. ஏஐ ஆய்வகம் என்றால் ரிப்பன் உடனே கிடைக்கும், கத்தரிக்கோல் வெள்ளித் தட்டில் வரும், வெட்டுவதற்குக் கை வரிசையில் நிற்கும். வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தால் திறப்பு விழா கிடையாதல்லவா! டெல்லியில் ஒரு கட்சி, சென்னையில் ஒரு கட்சி என்று எல்லாவற்றிலும் முட்டிக்கொள்ளும் நம் தலைவர்கள் இந்தக் கத்தரிக்கோலில் மட்டும் ஒற்றுமை. பாடத்தைத் தீட்டும் வல்லுநர்கள், அமைச்சர்கள், அதிகாரிகள் ஆகியோரின் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த ஓராசிரியர் பள்ளியில் படிக்கிறார்கள் என்று கேட்டால் நமக்குப் பண்பாடு இல்லை என்பார்கள். எல்லாம் ஊரான் வீட்டுப் பிள்ளைகள்தானே!

இதற்கு நடுவே ஏஐ செயலிகளின் ஓசி விருந்தும் நடந்தது. 2025 ஜூலையில் ஏர்டெல் சிம் வைத்திருப்போருக்கெல்லாம் பெர்ப்ளெக்சிட்டி ப்ரோ ஒரு வருடம் இலவசம். அக்டோபர் முடிவில் ஜியோவின் 5ஜி திட்டக்காரர்களுக்கு ஜெமினி 18 மாதம் இலவசம். நவம்பரில் சாட்ஜிபிடி கோ ஒரு வருடம் இலவசம். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று நம்மவரைப் பற்றி நாமே சொல்லிவைத்த பழமொழி, கடல் தாண்டிப் போய் யாரோ ஒருவரின் வியாபாரத் திட்டத்தில் உட்கார்ந்துகொண்டது.

நமக்கு இது புதிதும் அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை விளம்பரக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராக வந்தார்கள். சந்தையிலும் திருவிழாவிலும் அடுப்பு மூட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தேநீர் ஊற்றினார்கள். நாக்கு பழகிற்று, வண்டி போய்விட்டது. அதன் பிறகு ஒரு டம்ளரை யாராவது சும்மா ஊற்றினார்களா? அன்றைக்குப் பழகியது நாக்கு. இப்போது பழகுவது மூளை. யோசிக்கத் தொடங்கும் முன்னே பதிலைக் கேட்டுக் கை நீள்கிறது. அந்தச் செயலிக்குள் நுழையும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான் வருகிறதே, அதற்கு மேலே இருக்கும் விதிமுறைகளை நம்மில் எவர் படித்தோம்? நம் பேச்சு, நம் புகைப்படம், நம் பிள்ளையின் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பெருவிரலால் ஒரு தட்டு. வட்டிக்காரர் நீட்டிய அதே வெற்றுப் புரோநோட்டு. பெறகு எழுதிக்கொள்வார்கள்.

ஏஐயே வேண்டாம் என்று கல்லெறிவது என் நோக்கமல்ல. கண் தெரியாத நண்பர் ஒருவர் தன் கடிதங்களைச் செல்போனை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார். முன்பெல்லாம் அதற்கு அடுத்த வீட்டுக்காரரின் தயவு வேண்டும். ஆனால் அவர் விவரமானவர். பணம் சம்பந்தப்பட்ட காகிதம் என்றால் செல்போன் படித்ததோடு விடாமல் என்னிடமும் நீட்டுகிறார். அப்பத்தாவின் பள்ளியில் படித்தவர் போலிருக்கிறது.

போன வாரம் அப்பத்தாவின் முறையைக் கருவியிடமே சோதித்துப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கண்மாயை வெட்டியது யார் என்று கேட்டேன். ஒரு மன்னர் பெயரைச் சொன்னது. கொஞ்ச நேரம் கழித்துப் புதிதாகக் கேட்டேன். ஒரு ஜமீன்தார் வெட்டினார். மூன்றாம் முறை, ஊர் மக்களே கூடி வெட்டினார்கள். மூன்றையும் ஒரே உறுதியோடு, ஒரே பணிவோடு, ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் சொன்னது. ஒரே வாயில் மூன்று சேதி. அப்பத்தாவாக இருந்தால் விரலை மடக்கிக்கொண்டு எழுந்து போயிருப்பாள்.

அதனால், ஏஐ ஆய்வகம் திறக்க வரும் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். ரிப்பனைக் கட்டுங்கள், பந்தல் போடுங்கள், பொன்னாடையும் போர்த்திக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன், உங்கள் பெயரைத் தங்க எழுத்தில் அச்சடித்திருக்கும் அந்த அழைப்பிதழை எடுத்து, பந்தலுக்கு வெளியே வெயிலில் உட்காரவைத்திருக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் யாராவது ஒருவரிடம் கொடுங்கள். மைக்கில் படிக்கட்டும். திக்கித் திக்கி, எழுத்துக் கூட்டி, உங்கள் பட்டங்களை ஒவ்வொன்றாகக் கடந்து, கடைசி வரிக்கு வரட்டும்.

அதுவரை கத்தரிக்கோல் தட்டிலேயே இருக்கட்டும். நாலாவது ஆள் இன்னும் படித்து முடிக்கவில்லை.