நிமிர்த்துக் கூலி

பிசான அறுப்பு சமயத்தில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், தார்ரோடு என்பது அரசாங்கம் சம்சாரிகளுக்குப் போட்டுக்கொடுத்த களம். கதிரைப் பரப்பிவிட்டு அவர்கள் புளியமரத்து நிழலில் வெற்றிலை போடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் கூலி கேட்காமல் சூடடித்துக் கொடுக்கும். 1970களின் பிற்பகுதியில் ஒரு மாசி மாதம், எங்கப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு அந்த வைக்கோல் மேல் வழுக்கிக்கொண்டு போய் வாய்க்கால் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் முட்டியது. அப்பாவுக்கு நெற்றியில் ஒரு புடைப்பு. சுவருக்கு ஒன்றுமில்லை, பழைய சுண்ணாம்புக் கட்டு. காருக்குத்தான் முன்பக்கம் வலதுகைச் சேஸ் உள்ளே வளைந்துவிட்டது.

அந்தக் காரை அப்பா ஆசைப்பட்டு வாங்கவில்லை. அம்பாசடருக்குக் காசு போதவில்லை, பியட்டுக்குக் காத்திருக்கப் பொறுமை போதவில்லை. ஹெரால்டு மூன்றாம் கையாக மலிவில் வந்தது. 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்று வெளியான வண்டி. உருவம் வரைந்தவர் மிகெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் நம்மூரில் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் அதைச் செய்தார்கள். 948 சி.சி. இன்ஜின். பானட்டை முன்னால் கவிழ்த்தால் மட்கார்டு உட்பட மொத்த மூஞ்சியும் கழன்று நிற்கும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அம்பாசடருக்கும் பியட்டுக்கும் தனியாகச் சேஸ் கிடையாது, தகரக்கூடே எலும்பு. ஹெரால்டுக்கு மட்டும் லாரி மாதிரி தனிச் சேஸ். அது பெருமைக்குச் செய்ததில்லை. பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக்காரர்கள் வாங்கிக்கொள்ள, முழுக்கூட்டை அடித்துத்தர ஆளில்லாமல், துண்டுதுண்டாக வாங்கி ஒரு சேஸ் மேல் போல்ட் போட்டார்கள். இங்கிலாந்தில் வந்த அந்த நெருக்கடி கல்லிடைக்குறிச்சியில் எங்களுக்கு உதவியது. தனிச் சேஸ் என்றால் கழற்றலாம், கிடத்தலாம், நிமிர்த்தலாம்.

எங்கள் ரைஸ் மில்லுக்கு எந்திரம் பார்க்க வரும் பிட்டர் ஒருவர் இருந்தார். விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாபநாசம் அருவித் தண்ணீரை நம்பி 1880களில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மில் அது. வெளியூருக்கு நூல் அனுப்பியது. உள்ளூருக்குப் பிட்டர்களை அனுப்பியது. அவர் வந்து வண்டியைச் சுற்றி நடந்தார். அப்பா அதற்குள் ஒரு லாரியையும், கட்டி இழுக்க ஒரு வேப்பமரத்தையும் ஏற்பாடு பண்ணி வைத்திருந்தார்.

“என்னவே பிட்டர், நிமிருமா?”

“நிமிரும் அண்ணாச்சி. எம்புட்டு வளஞ்சிருக்குன்னு மொதல்ல அதுகிட்டயே கேப்போம்.”

“லாரியில கட்டி ஒரு இழு இழுத்தா?”

“இழுக்கலாம். மரம் வரும். சேஸு அப்படியே கெடக்கும்.”

இன்ஜினையும் பாடியையும் மில் ஆட்கள் இறக்கிவைத்தார்கள். நெல் காயவைக்கும் சிமெண்டுக் களத்தில் நாலு மரக்கட்டை மேல் சேஸை ஏற்றி, கொத்தனாரின் தண்ணீர் டியூப்பை வைத்து மட்டம் பார்த்தார் பிட்டர். பிறகு அதே கொத்தனாரின் தூக்குக்குண்டு. சேஸில் இடமும் வலமுமாகச் சோடி சோடியாக இருக்கும் போல்ட் துளை ஒவ்வொன்றிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. எல்லாம் முடிந்ததும் சேஸைத் தூக்கி ஓரமாக வைக்கச் சொன்னார். களத்தில் இப்போது காரின் சாதகக் கட்டம் மட்டும் இருந்தது. மூலைக்கு மூலை நூல் பிடித்தார். நடுவில் நீலம் தோய்த்த சரடைச் சுண்டிக் கோடு போட்டார். குறுக்கு நூல்கள் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் அந்த நீலக்கோட்டின் மேல் விழவேண்டும். பின்பக்கம் விழுந்தது, நடுவிலும் விழுந்தது. முன்பக்கம் மட்டும் இரண்டு விரற்கடை இடப்பக்கம் ஒதுங்கி நின்றது.

கம்பெனிப் புத்தகம் எதையும் அவர் பார்க்கவில்லை. இருந்திருந்தாலும் அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. வளையாத கையே வளைந்த கைக்கு அளவுகோல் என்பது அவர் கணக்கு. இரண்டு கையும் வளைந்திருந்தால் என்ன செய்வீர் என்று அப்பா கேட்டதற்கு, “அண்ணாச்சி இன்னொரு தடவ முட்டுங்க, யோசிப்போம்” என்றார்.

மில்லில் ஒரு தண்டவாளத் துண்டு வெகுகாலமாகக் கிடந்தது. எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அதைச் சேஸின் பக்கவாட்டில் போட்டு, இரண்டு இடத்தில் சங்கிலியால் பிணைத்து, வளைவுக்கு நேரே நடுவில் லாரி ஜாக்கியை நிறுத்தினார். தள்ளுகிற ஜாக்கியும் இழுக்கிற சங்கிலியும் அந்த ஒரே தண்டவாளத்தின் மேல் மல்லுக்கட்டுவதால் வெளியே மரமோ தூணோ தேவையில்லை. அப்பாவின் லாரி வாடகை வாங்கிக்கொண்டு போய்விட்டது. சங்கிலி மேல் நனைத்த சாக்கு போட்டார்கள். அறுந்தால் சாக்கோடு கீழே விழுமாம், இல்லாவிட்டால் ஆளைத் தேடிப் போகுமாம்.

ஜாக்கியை இரண்டு அடி அடித்து நிறுத்துவார். பீடி பற்றவைப்பார். மறுபடி இரண்டு அடி. இரும்பு நேர்க்கோட்டுக்கு வந்தது என்று நாங்கள் கைதட்டினால், ஜாக்கியை இறக்கிக் காட்டுவார். பாதி பழைய இடத்துக்கே திரும்பிப் போயிருக்கும். நேராக நிற்க வேண்டுமானால் நேரைத் தாண்டித் தள்ளவேண்டும். எவ்வளவு தாண்டி என்பதுதான் அவருடைய அத்தனை வருச மில் சர்வீஸ். மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் கார்பைடு கேஸ் வைத்துச் சூடு காட்டினார், அதுவும் பொழுது அடைந்த பிறகு. வெயிலில் இரும்பு சிவந்தது கண்ணுக்குத் தெரியாது, தெரிகிறபோது வெந்து போயிருக்கும். மங்கல் சிவப்போடு நிறுத்த வேண்டும். உதவி பண்ணுகிறேன் என்று தண்ணீர் வாளியோடு வந்த அப்பாவை அவர் போட்ட சத்தத்தில், ஊரில் அப்பாவை அதட்ட ஒரு ஆள் உண்டு என்று அன்றைக்குத்தான் எங்கள் அம்மாவுக்குத் தெரியவந்தது.

கடைசியில் மண்ணெண்ணெய்ச் சோதனை. மடிப்பில் மண்ணெண்ணெய் தடவி, ஊறவிட்டு, துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி பூசினார். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளையில் முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு எழும்பியது. அந்த இடத்தில் ஒரு பட்டையை வெல்டு வைத்தார்கள். பானட்டை மாட்டி மூடினால் கதவுக்கும் அதற்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி. ஹெரால்டில் பானட்டின் கீல் சேஸின் மூக்கிலேயே இருப்பதால் அந்த இடைவெளிக்குப் பொய் சொல்ல வராது. அதற்குப் பிறகும் வண்டி லேசாக இடது கைக்கு இழுத்தது. ரோடு அந்தப் பக்கம் சரிவு என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். லாரி வாடகை போக மொத்தச் செலவு கார்பைடு, வெல்டிங் குச்சி, கருப்பட்டிக் காப்பி, பிட்டருக்கு ஒரு கோட்டை நெல். உறவுக்காரர்கள் இதைக் கஞ்சத்தனம் என்றார்கள். புதுச் சேஸ் வாங்கக் கதியில்லை என்று கல்யாண வீடுகளில் பேசிக்கொண்டார்கள்.

இப்போது இதற்குப் பெயர் ‘ரெஸ்டோரேஷன்’. கல்யாண வீடுகளில் மரியாதையாக விசாரிக்கிறார்கள்.

2023 டிசம்பர் மழையை இந்தப் பக்கத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்து நின்றது. எங்கள் மீனாட்சிபுரம் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்குள் உறங்கிக்கொண்டிருந்த ஹெரால்டு மேல், தண்ணீர் வடிகிற நேரத்தில் காம்பவுண்டுச் சுவர் சாய்ந்தது. வளைந்தது இந்தத் தடவை இடதுகை. ஏறக்குறைய ஐம்பது வருசத்தில் ஒரு சமன்பாடு.

“பெரியப்பா, தட்டிக்கிட்டிருக்காதீங்க. லேசர் வச்சு அளக்கணும்” என்று சென்னையிலிருந்து தம்பி மகன் போன் பண்ணினான். பைபாஸில் குளிர்சாதனம் போட்ட ஒரு பாடி ஷாப்புக்குப் போனேன். வழவழப்பான மேடை, நாலு பக்கமும் இழுக்கும் கோபுரங்கள், சுவரில் திரை. வெள்ளைச் சட்டைப் பையன் “எந்த மாடல் சார்?” என்று கேட்டுக் கணினியில் எஸ் வரிசையைத் தள்ளிக்கொண்டே போனான். ஸ்கோடா வந்தது, சுசுகி வந்தது. ஸ்டாண்டர்டு வரவில்லை. பட்டியலில் இல்லாத வண்டிக்கு அளவு கிடையாது, அளவு இல்லாத வண்டியை மேடையில் ஏற்றமுடியாது. பையன் மேல் குற்றமில்லை. இன்றைய கார்களின் மூக்கு நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. மோதலைத் தான் வாங்கிக்கொண்டு உள்ளே இருக்கிற ஆளைக் காப்பாற்றும். நசுங்கியதை வெட்டிவிட்டுப் புதிதை வைப்பார்கள். அப்பாவின் வண்டி தான் அவ்வளவாக நசுங்காமல் அப்பாவின் நெற்றியைப் புடைக்கவைத்தது. எது நல்ல ஏற்பாடு என்று கேட்டால் அம்மா தயங்காமல் பதில் சொல்லியிருப்பாள்.

ஆக, பழைய வழி. சிக்கன வழி. ஒரு தண்டவாளத் துண்டு கேட்டுக் காயலாங்கடைக்குப் போனேன்.

“அண்ணாச்சி, மெதுவாப் பேசுங்க. அத வச்சிருந்தாலே ஆர்.பி.எஃப். தூக்கிட்டுப் போயிருவான்.”

ரயில்வே சொத்தைக் கணக்கில்லாமல் வைத்திருப்பது குற்றம் என்ற சட்டம் 1966-லேயே வந்துவிட்டது. எங்கள் மில்லுக்குத்தான் வந்து சேராமல் இருந்திருக்கிறது. புது இரும்புக் கர்டர் வாங்கினேன். மில் களம் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம், ஆகவே மட்டமான தரைக்கு மாடி வீட்டுக்காரரின் கார் நிறுத்துமிடத்தை வாடகைக்குப் பிடித்தேன். தூக்குக்குண்டு வைத்திருக்கிற கொத்தனாரைத் தேடினேன். அவரே பச்சைக் கோடு அடிக்கும் லேசர் மட்டத்துக்கு மாறிவிட்டார். நான் கேட்டதற்காகப் பழைய குண்டைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். கேட் செய்கிற பட்டறையிலிருந்து வந்த பீகார்ப் பையன் வெல்டிங்கில் கெட்டிக்காரன். நூலைப் பிடித்து, குறுக்கே வெட்டும் இடத்தைக் காட்டியதும் மொழி இல்லாமலே புரிந்துகொண்டான். பொழுது அடைகிறவரை காத்திருக்கச் சொன்னதற்கு மட்டும் ஓவர்டைம் கேட்டான். நியாயம்தான், பிட்டர் காலத்தில் பொழுதுக்கு விலை கிடையாது. மாடி வீட்டுக்காரர் சத்தத்துக்குக் கோபித்துக்கொண்டு இறங்கிவந்து, சாக்பீஸ் பொடியில் கறுப்புக் கோடு எழும்புவதைப் பார்த்து, போனில் படம் பிடித்துக்கொண்டு ஏறிப்போனார். கூட்டிப் பார்த்தபோது இந்தச் சிக்கனத்துக்கு ஆன செலவு, அப்பா அந்தக் காரை வாங்கிய விலையைப் பல மடங்கு தாண்டியிருந்தது.

அடுத்தது காகிதம். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு கொண்டுவந்தது. புதிதாகப் பதிந்தால் நம்பரில் ‘விஏ’ என்று எழுத்து வரும், அதற்குக் கட்டணம் 20,000 ரூபாய். சேஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. மாற்றம் ஒன்றுமில்லை என்றே எழுதினேன். உறவுக்காரர்கள் சொன்னபடி அப்பா புதுச் சேஸ் போட்டிருந்தால் அப்படி எழுதியிருக்க முடியாது. வலதுகை ஒருமுறை போய் வந்தது, இடதுகை ஒருமுறை போய் வந்தது, இரண்டும் வண்டலூரில் புறப்பட்ட அதே இரும்பு.

இந்தப் பதிவு வாங்கிய வண்டியைத் தினப்படி ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சிக்கு, பேரணிக்கு, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். தம்பி மகன் இதைப் படித்துவிட்டு, “என்ன பெரியப்பா, கட்டிப்போடுற மாதிரில்ல இருக்கு” என்று வருத்தப்பட்டான். அவன் சின்னப் பையன், தாத்தா கார் ஓட்டிய காலம் தெரியாது. அப்போதும் அது பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும்தான் போய்வந்துகொண்டிருந்தது.