பயமே வராதவர் போலப் பேய் விளையாட்டுக்குக் கருத்து எழுதுவது எப்படி?

குற்றாலத்தை ஒட்டிய மேலகரத்தில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் பேய் விளையாட்டுகளுக்குக் கருத்து எழுத நினைக்கிறவர்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. விளையாட்டை முழுதாக ஆடவேண்டிய அவசியம் இல்லை. ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஐந்து நிமிடம் ஆடியிருந்தால் போதும், கட்டைவிரலை மேலேயோ கீழேயோ காட்டிவிடலாம். தயாரித்தவர் பெயர் வந்து மறையவும், டார்ச் எந்தப் பொத்தானில் எரியும் என்று கண்டுபிடிக்கவுமே அந்த ஐந்து நிமிடம் சரியாக இருக்கும். அதற்குள் தீர்ப்பு உருவாகாதவர் இந்தக் காரியத்துக்கு லாயக்கில்லை, அருவியில் குளிக்கப் போகலாம்.

அடுத்தது, எதற்கு எழுதுவது என்ற தேர்வு. ஒற்றை விளையாட்டுக்கு எழுதினால் அதைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். தொகுப்புக்கு எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. ‘ட்ரெட் எக்ஸ் கலெக்‌ஷன்’ என்று ஒன்று 2020 மே மாதம், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது வந்தது. பத்து டெவலப்பர்களைப் பிடித்து, ஆளுக்கு ஏழு நாள் கொடுத்து, ‘பி.டி.’ மாதிரி ஒன்றைச் செய்யுங்கள் என்று சொல்லி, வந்ததை ஒரே பொட்டலமாகக் கட்டி விற்றார்கள். பி.டி. என்பது 2014 ஆகஸ்டில் ஹிடியோ கோஜிமா பிளேஸ்டேஷன் 4-க்கு இலவசமாக விட்ட ஒரு முன்னோட்டம். ‘ட’ வடிவத்தில் ஒரு வீட்டு நடைபாதை. அதன் கடைசிக் கதவைத் திறந்தால் மறுபடியும் அதே நடைபாதை, கொஞ்சம் மாறி. அவ்வளவுதான். 2015 ஏப்ரலில் கோனாமி நிறுவனம் அதைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. கிடைக்காத பொருளுக்கு மவுசு கூடுமல்லவா? அன்றிலிருந்து சின்னப் பேய் விளையாட்டு செய்கிறவர்களில் பாதிப்பேர் அந்த நடைபாதையில்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

தொகுப்புக்குக் கருத்து எழுத ஒரே ஒரு வாக்கியம் கைவசம் இருந்தால் போதும். ‘பத்தில் நாலு தேறும், மிச்சம் ஒப்பேத்தல்.’ எந்த நாலு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அடுத்த நிமிடம் ஒருவர் வந்து, நீங்கள் தள்ளிவிட்ட ஆறில்தான் நாலு தேறும் என்பார். ஏனென்றால் அந்தப் பத்தும் பத்து தினுசு. ‘ஹேண்ட் ஆஃப் டூம்’ பழங்காலத்துப் பாதாள அறை விளையாட்டு. அசைகளைக் கோத்து மந்திரம் சொல்லவேண்டும். ‘தி போனி ஃபேக்டரி’ கறுப்பு வெள்ளை. கையில் ஆணி அடிக்கிற துப்பாக்கி, எதிரே குதிரை மாதிரி ஏதோ ஓடி வரும். ‘மிஸ்டர் பக்கெட் டோல்ட் மீ டு’ விளையாட்டில் ஒரு தீவும், பேசுகிற வாளி ஒன்றும். இந்த மூன்றும் ஒரே ஆளுக்குப் பிடித்திருந்தால் அவரைத்தான் சந்தேகப்படவேண்டும்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ‘இதைச் செய்தவர் தேறமாட்டார்’ என்று தனியாளைக் குறிவைத்து எழுதவேண்டாம். போனி ஃபேக்டரி செய்த டேவிட் ஷிமான்ஸ்கிதான் 2022-ல் ‘அயர்ன் லங்’ செய்தார். ரத்தக் கடலில் ஓர் ஓட்டை நீர்மூழ்கி, அதற்குள் ஒற்றை மனிதன். வெளியே எதையும் நேராகப் பார்க்க முடியாது. கேமராவில் படம் பிடித்துத்தான் பார்க்கவேண்டும். அந்தத் தொகுப்புக்கு ஒரு விளையாட்டு செய்த ஏர்டார்ஃப், ‘ஃபெயித்’ விளையாட்டை அதே 2022-ல் முழுசாக முடித்தார். ஹேண்ட் ஆஃப் டூம் பின்னால் தனி விளையாட்டாகவே வளர்ந்து வந்தது. ஏழு நாள் வேலையைப் பார்த்து ஒப்பேத்தல் என்று எழுதியவர்கள் எழுதியதை அழித்தார்களா என்று கேட்காதீர்கள். கருத்து எழுதுகிறவர் பின்வாங்குவதில்லை.

இனி கணக்கு. பேய் விளையாட்டுக்கு எழுதுகிறவருக்குக் கால்குலேட்டர் ஹெட்போனைவிட முக்கியம். விலையை எடுத்து, ஆடிய நேரத்தால் வகுத்து, ‘மணிக்கு இவ்வளவு ரூபாய், கட்டுப்படியாகாது’ என்று எழுதவேண்டும். ஒரு மணி நேரத்தில் முடிகிற விளையாட்டு மோசடி, அறுபது மணி நேரம் புல் வெட்டிக் கல் உடைக்கிற விளையாட்டு லாபம். சீசனில் பேரருவிக்கு வருகிறவர்கள் மட்டும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. எங்கிருந்தோ வேன் பிடித்து வந்து, வரிசையில் நின்று, தலையைக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் விசில் ஊத, நடுங்கிக்கொண்டே வெளியே வந்து ‘ஆகா’ என்கிறார்கள்.

கணக்கில் இன்னும் கெட்டிக்காரராக வேண்டுமானால் திரும்பக் கொடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். வாங்கிப் பதினாலு நாளைக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும். வாங்கிய பொருள் ஓடவில்லை என்றாலோ பிடிக்கவில்லை என்றாலோ ஏமாறக்கூடாது என்று 2015-ல் கொண்டுவந்த நல்ல ஏற்பாடு. ஆனால் விளையாட்டே ஒன்றரை மணி நேரம்தான் என்றால்? முழுதும் ஆடி, முடிவைப் பார்த்து, ‘அருமை’ என்று கட்டைவிரலும் தூக்கி, காசையும் வாங்கிக்கொள்ளலாம். ‘சம்மர் ஆஃப் 58’ என்ற விளையாட்டுக்கு இது நடந்தது. எமிகா கேம்ஸ் என்ற பெயரில் தனியாளாக அதைச் செய்தவர், கருத்தெல்லாம் நன்றாக இருக்கிறது, காசுதான் திரும்பிப் போய்விட்டது, இனி விளையாட்டு செய்வதை விடுகிறேன் என்று 2021 ஆகஸ்டில் அறிவித்தார். பாராட்டிக்கொண்டே பட்டினி போட முடியும் என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் நம்மைப் போன்ற கருத்தாளர்கள்தான்.

படம் பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும்: ‘கிராஃபிக்ஸ் மட்டம், 1998-ல் செய்தது மாதிரி இருக்கிறது.’ இதை எழுதுவதற்கு முன் அது வேண்டுமென்றே செய்தது என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பது நல்லது. ‘ஹான்டட் பிஎஸ்1 டெமோ டிஸ்க்’ என்று 2020-ல் பதினேழு முன்னோட்டங்களை இலவசமாக விட்டார்கள். பெயரே சொல்கிறது, முதல் பிளேஸ்டேஷன் காலத்துச் சாயல். முகம் நாலு கட்டம், சுவர் நடக்க நடக்க நெளியும், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. 1999-ல் வந்த ‘சைலன்ட் ஹில்’ விளையாட்டில் ஊரையே மூடிய மூடுபனி, அந்தப் பெட்டிக்குத் தூரத்தை வரையத் தெம்பில்லாததால் போட்ட திரை. இயலாமையை மறைக்கப் போட்டது பயத்துக்கு ஆகிவந்தது. ஆடி மாதச் சாரலில் குற்றால மலை பாதிக்கு மேல் காணாமல் போவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது தனியாகச் சொல்லவேண்டியதில்லை. போதாக்குறைக்கு இந்த மாதிரி விளையாட்டுகள்தான் நம் வீட்டுப் பழைய மடிக்கணினியிலும் மூச்சுவாங்காமல் ஓடும். ஆனாலும் மட்டம் என்றே எழுதுங்கள். விலை உயர்ந்த கம்ப்யூட்டர் வைத்திருப்பதாக நாலு பேர் நினைப்பார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ‘எனக்குப் பயமே வரவில்லை’ என்ற வரி. இதை எழுதாத கருத்து கருத்தே அல்ல. பயம் வராமல் இருக்க மேலகரத்தில் எல்லா வசதியும் உண்டு. ஜூலையில் ஆடுங்கள். குளிக்க வந்த சொந்தக்காரர்கள் வீடு முழுக்க இருப்பார்கள். கொடியில் ஈரத்துண்டு, திண்ணையில் எண்ணெய்ப் பாட்டில், தென்காசி–குற்றாலம் சாலையில் ஓயாத ஹார்ன். நடுக்கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து ‘ஃபியர்ஸ் டு ஃபாதம்’ வரிசையின் முதல் கதையான ‘ஹோம் அலோன்’ விளையாட்டைப் போட்டால் இப்படித்தான் இருக்கும்:

“ஏலே, இந்தப் பய யாருல?”

“பேரு மைல்ஸ், ஆச்சி. பதினாலு வயசு. அப்பா அம்மா வேலையா வெளியூர் போயிருக்காங்க. இவன் மட்டும் வீட்ல தனியா இருக்கான்.”

“பதினாலு வயசுப் பிள்ளையத் தனியா விட்டுட்டா போனாவ? பக்கத்து வீட்ல சொல்லிட்டுப் போவக் கூடாதா?”

“அங்கல்லாம் அப்படி இல்ல ஆச்சி.”

“அப்பம் சோறு?”

மைல்ஸ் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஓர் உருவம் நின்றது. ஆச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “கொல்லைக் கதவு தாழ் போட்டானான்னு பாரு மொதல்ல.” சித்தப்பா அதற்குள், அந்த ஆள் மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவராக இருக்கும் என்றார். மதினி ஒரு கிண்ணத்தில் நேந்திரங்காய் வற்றலைக் கொண்டுவந்து கீபோர்டு மேலேயே வைத்தாள். விளையாட்டு என்னவோ கர்மசிரத்தையாகப் பயமுறுத்திக்கொண்டுதான் இருந்தது.

இந்த நிலையில் ஆடிவிட்டு ‘துளிகூடப் பயமில்லை, ஏமாற்றம்’ என்று எழுதினால் அதில் பொய் ஒன்றும் இல்லை. பேய் விளையாட்டுக்குக் கச்சாப் பொருள் தனிமை. அதை விளையாட்டு செய்கிறவர் முழுதாகத் தர முடியாது. பாதியை ஆடுகிறவர்தான் வீட்டிலிருந்து போடவேண்டும். நம் வீடுகளில் அந்தச் சரக்கு கையிருப்பில் இல்லை. மேலகரத்தில் ஒரு பதினாலு வயதுப் பையனைத் தனியே விட்டுப் பெற்றோர் கிளம்பினால், அவர்கள் தென்காசி பஸ் ஸ்டாண்டைத் தொடுவதற்குள் அக்கம்பக்கத்தார் வந்து சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவார்கள். ‘ஃபாஸ்மோஃபோபியா’ என்ற விளையாட்டில் பேய் உங்கள் மைக் வழியாக உங்கள் குரலையே கேட்கும், சத்தம் போட்டால் தேடி வரும். நம் வீட்டு மைக்கில் அதற்குக் கேட்பதெல்லாம் குக்கர் விசிலும், ‘தோசை ஆறுது’ என்ற குரலும்.

நம்ம ஊர்ப் பேய் இல்லையே என்ற குறையையும் ஒரு பத்தியில் எழுதலாம். சுவாரசியம் என்னவென்றால், ஃபியர்ஸ் டு ஃபாதம் வரிசையைச் செய்வது ரேல் என்ற பெயரில் இயங்கும் இந்திய டெவலப்பர். கதைகளோ நார்வுட், கார்சன் ஹவுஸ், அயர்ன்பார்க், வுட்பரி என்று கடல் தாண்டியே நடக்கின்றன. ‘இந்தியர் செய்தது, பெருமை’ என்று ஒரு வரியும், ‘இந்தியக் கதை இல்லை, வெட்கம்’ என்று அடுத்த வரியும் எழுதினால் இரண்டு தரப்பும் சந்தோஷப்படும். சுடலைமாடனை வைத்து ஒன்று செய்யவேண்டும் என்று யோசனை சொல்வதும் வழக்கம். என் அபிப்பிராயம் வேறு. கோயில் கொடைவிழாவின் சாமக்கொடையில் கணியான் கூத்து பார்த்தவருக்குத் தெரியும், சுடலை பயமுறுத்த வந்த பேய் அல்ல, காவலுக்கு நிற்கிற சாமி. சாமியாடி நள்ளிரவில் வேட்டைக்குப் போகும்போது ஊர் கதவடைத்து இருப்பது மரியாதைக்கும் சேர்த்துத்தான். ஆணித் துப்பாக்கியால் சுடுகிற இடத்தில் அவரை நிறுத்தினால் விளையாட்டு ஓடாது, செய்தவர்தான் ஓடவேண்டியிருக்கும்.

இதற்குமேல் கிண்டல் வேண்டாம், உபயோகமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். அவருடைய குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லிக்குக் குறி சொல்ல வருகிற குறத்தி, எடுத்த எடுப்பில் கையைப் பிடித்துப் பலன் சொல்லிவிடுவதில்லை. தன் மலை எது, தன் குலம் எது, தன் வித்தை என்ன, எந்தெந்த ஊர் பார்த்தவள் என்று முதலில் தன்னைப் பற்றிச் சொல்கிறாள். கேட்கிறவள் அதை வைத்து எடை போட்டுக்கொள்ளலாம். குறி பிறகுதான்.

விளையாட்டுக்குக் கருத்து எழுதுகிறவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். ஆடிய மணிக்கணக்கை ஸ்டீமே பக்கத்தில் போட்டுவிடுகிறது. அந்த மணி இரவா பகலா, ஹெட்போன் இருந்ததா, வீட்டில் யார் யார், ஒரே மூச்சில் ஆடியதா நாலு தடவை எழுந்து போனதா என்பதை அது போடாது. ஒரு சின்னப் பேய் விளையாட்டைப் பொறுத்தவரை மதிப்பெண்ணைவிட இந்தத் தகவல்தான் வாங்குகிறவருக்கு வேண்டும். ‘மத்தியானம், நடுக்கூடம், சொந்தக்காரர்களோடு, பயம் வரவில்லை’ என்று எழுதினால் அது நேர்மையான கருத்து. வெறும் ‘பயம் வரவில்லை’ என்பது சாட்சி இல்லாத வாக்குமூலம்.

ஆகவே அடுத்த தடவை எழுதும்போது முதல் வரியில் இடத்தையும் நேரத்தையும் போடுங்கள், இரண்டாவது வரியில் பிடித்த விளையாட்டின் பெயரைத் தைரியமாகச் சொல்லுங்கள், முடித்துவிட்ட விளையாட்டுக்குக் காசைத் திரும்பக் கேட்காதீர்கள். ஹோம் அலோன் இலவசமாக வந்தது, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சீசன் முடிந்து சொந்தக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு, சாலை அடங்கிய ஒரு ராத்திரியில் ஆடிப் பாருங்கள். கொல்லைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு உட்காருங்கள்.